பேசாத முதல் பாடவேளை

வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு ஆசிரியர் அறையில் எல்லாரும் ஒரே வேலையாக இருந்தார்கள். செய்யாததையெல்லாம் செய்ததாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர், இந்த வாரம் உங்க புது யோசனை என்ன?" என்று கேட்டார் மூன்றாம் வகுப்பு சார்.

"நாலு நாளா தொண்டை கட்டிப் பேச்சே வரல. இதுல யோசனை வேறயா?" இரண்டாம் வகுப்பு டீச்சரின் குரல் வெறும் காற்றாகத்தான் வெளியே வந்தது.

"நான் கூழாங்கல் வச்சுக் கழித்தல் சொல்லிக் குடுத்ததா எழுதிட்டேன்."

"கூழாங்கல் எங்க சார் கிடைச்சுது உங்களுக்கு?"

"நோட்டுலதான் கிடைச்சுது."

வாரம் ஒரு பக்கம். மேலே அச்சடித்த இரண்டு கேள்விகள்: வகுப்பில் நான் செய்து பார்த்த புது யோசனை என்ன? அதிலிருந்து நான் உணர்ந்தது என்ன? பக்கத்தை வெறுமனே விட்டால் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து உட்காரும் நேரத்தில் உணர்வதற்கு என்ன இருக்கிறது, கால்வலியைத் தவிர?

டீச்சர் எழுதினார். 'இந்த வாரம் முதல் பாடவேளையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பாடத்தின் தலைப்பைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு பிள்ளையைச் சுட்டிக் காட்டினேன். பிள்ளைகள் தாங்களே எழுந்து வாசித்தார்கள். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார். ஆசிரியரின் பேச்சு குறையும்போது பிள்ளைகளின் பேச்சு வளர்கிறது என்பதை உணர்ந்தேன்.'

முதல் வாக்கியம் உண்மை. அந்த வாரம் முழுக்க அவர் பேசவில்லை. மீதி நடந்தது வேறு. இரண்டு பேர் பெஞ்சின்மேல் ஏறினார்கள், ஒருத்தி சாக்பீஸைக் கடித்துப் பார்த்தாள், மூன்றாம் வகுப்பு சார் இரண்டு முறை வந்து எல்லாரையும் அதட்டிவிட்டுப் போனார்.

சார் எட்டிப் பார்த்துப் படித்தார். "அந்தக் கடைசி வரி ரொம்ப நல்லாயிருக்கு டீச்சர்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். அதுதான் கொஞ்சம் பயமாயிருக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். போனவுடன் "உட்காருங்க" என்றார். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கும் டீச்சருக்கு அந்த அறையில் இன்னொரு நாற்காலி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்க பக்கத்தை மேற்பார்வை மேடத்துக்கு அனுப்பி வச்சேன். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. நேர்ல பார்க்கணுமாம்."

"மேடம், அது... ஒரு வாரம் சும்மா செஞ்சு பார்த்தது."

"ஒரு வாரத்துல இவ்வளவுன்னா, மூணு மாசத்துல எவ்வளவு!"

"அதைத்தான் சொல்ல வர்றேன். அது அவ்வளவு பெரிசா..."

"அடக்கம் வேண்டாம். கூரை ஒழுகுதுன்னு நான் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்? ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா? இதுக்கு மூணே நாள்ல பதில். பாருங்க, முத்திரையோட."

பெரிய டீச்சர் அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். டீச்சருக்கு வாய் வரை வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

வீட்டில் கணவர் சொன்னார், "போய் உண்மையைச் சொல்லிடேன்."

"எப்படிச் சொல்றது? நான் எழுதினது பொய்னா அடுத்து என்ன கேப்பாங்க? மத்தவங்க எழுதினது என்னன்னு கேப்பாங்க. கூழாங்கல் சார் கதி என்ன ஆகுறது?"

"அப்ப நிஜமாவே செஞ்சுடு. வாயை மூடிக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே? வீட்டுல ஒருநாள் ஒத்திகை பாரு, எனக்கும் நல்லாயிருக்கும்."

"சிரிக்காதீங்க."

"சரி, சிரிக்கல. ஆனா பாரு, ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

யாரும் மறக்கவில்லை. மேற்பார்வையாளர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார். அடுத்த திங்கட்கிழமை வேறு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்து பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த திங்கள் ஐந்து பேர். வகுப்பு வாசலில் 'மாதிரி வகுப்பு' என்று பெரிய டீச்சர் ஒரு பலகை மாட்டினார். திங்கட்கிழமை மட்டும் மௌனம் என்றால் பிள்ளைகளுக்குப் பழக்கம் விட்டுப்போகும் என்று, தினமும் முதல் பாடவேளை மௌனம் என்றார். மதிய இடைவேளையில் ஒத்திகை என்றார். முதல் பாடவேளைதான் வாசிப்புக்கான நேரம். பள்ளி விட்டதும் வண்டி வந்து பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். டீச்சருக்குத் தன் வகுப்போடு உட்கார்ந்து பேச நேரமே இல்லாமல் போனது.

தினமும் காலை ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை அவர் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை தப்பாகப் படித்தால் திருத்த முடியாது. நன்றாகப் படித்தால் சபாஷ் சொல்ல முடியாது. ஒருத்தி தும்மினால்கூட என்னம்மா என்று கேட்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதைப் போல இருந்தது.

ஆனால் ஒன்று, பேசாமல் நின்ற அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் அவர் கண்ணுக்கு வேலை வந்தது. பேசிக்கொண்டிருந்தவரை அவருக்குத் தெரிந்தது நாற்பது தலை. இப்போது நாற்பது ஜோடிக் கை தெரிந்தது. யார் விரல் வரியோடு நகர்கிறது, யார் விரல் வரி முடியும் முன்பே ஓரத்துக்குப் போய் நிற்கிறது, யார் அடுத்தவர் உதட்டைப் பார்த்து உதட்டை அசைக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்தது. நோட்டில் இதை எழுதியிருந்தால் பொய்யில்லாத ஒரு பக்கம் அவருக்குக் கிடைத்திருக்கும். ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள் என்று எழுதியிருக்கலாம். அதற்கு முத்திரை வந்திருக்காது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வக்கீலின் விரல்கள் கண்ணில் பட்டன.

வக்கீல் என்பது இரண்டாவது பெஞ்சில் உட்காரும் பெண். யாருக்கு என்ன தகராறு என்றாலும் "டீச்சர், அவ மேல தப்பே இல்ல டீச்சர், நான் சொல்றேன்" என்று எழுந்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். பக்கத்தில் குருவி. தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லிய குரலில் வாசிப்பதால் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். வருட ஆரம்பத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்தவள், இப்போது வகுப்பிலேயே இனிமையாக வாசிப்பவள். வருகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் இன்னொரு முறை படிக்கச் சொல்வார்கள்.

டீச்சர் பலகையில் தலைப்பை எழுதிக் குருவியைக் காட்டினால், வக்கீலின் கை பெஞ்சின்மேல் மெதுவாக வரும். ஒருநாள் மூன்று விரல். ஒருநாள் ஐந்து. குருவி அதைப் பார்த்துவிட்டு எழுந்து பாடத்தைச் சொல்வாள். பிள்ளைகள் பேசாமல் இருக்க ஏதோ விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டீச்சர் முதலில் ரசிக்கக்கூடச் செய்தார்.

ஒரு புதன்கிழமை வக்கீலுக்குக் காய்ச்சல், வரவில்லை. டீச்சர் குருவியைக் காட்டினார். குருவி எழுந்தாள். பலகையைப் பார்த்தாள், காலியாக இருந்த பக்கத்து இடத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "தொண்டை கட்டிக்கிச்சு டீச்சர்."

அன்றைக்கு ஒத்திகையை மூன்றாம் வகுப்பு சாரிடம் ஒப்படைத்துவிட்டு, டீச்சர் அவளை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போனார். புத்தகத்தை ஒரு பக்கத்தில் திறந்து, மேலே இருந்த படத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

"இது எந்தப் பாடம் கண்ணு?"

குருவி அவர் கையையே பார்த்தாள்.

டீச்சர் கையைக் கொஞ்சம் விலக்கினார். ஒரு படகின் மூக்கு தெரிந்தது.

"காற்று வீசியது. படகு மெல்ல அசைந்தது. அண்ணன் துடுப்பைப் பிடித்தான்..." குருவி கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பக்கத்தில் இருந்ததைச் சொன்னாள், அடுத்த பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

"போதும்மா. யாரு சொல்லிக் குடுத்தா?"

"வண்டியில போறப்போ வக்கீல் வாசிப்பா. நான் கேட்டுக்குவேன்."

"எத்தனை பாடம்?"

"ஒம்போதும்."

ஒன்பது பாடத்தையும் காதாலேயே வாங்கி மண்டைக்குள் வைத்திருக்கிறது இந்தக் குழந்தை. அந்த மண்டைக்கு ஒரு எழுத்தைச் சொல்லித்தர ஆளில்லை. ஆளிருந்தும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. டீச்சருக்குத் தன்மேல் வந்த எரிச்சலில் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். குருவி பயந்து ஒரு படி பின்னால் போனாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் வாசிப்பு உதவி வகுப்பு நடக்கிறது. தினமும் காலையில் ஆறே ஆறு பிள்ளைகள். ஒவ்வொருவரையும் தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்திலிருந்து தொடங்குவார்கள். அரையாண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் பட்டியல் எடுப்பார், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரே இடம். இந்தமுறை பட்டியலோடு அவர் வருவது வெள்ளிக்கிழமை. இதை விட்டால் குருவி ஒன்பது பாடத்தையும் ஒப்பித்துக்கொண்டே மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அங்கே முப்பது பாடம்.

டீச்சர் நேராகப் பெரிய டீச்சரிடம் போனார்.

"உதவி வகுப்புக்கு ஒரு பேர் குடுக்கணும் மேடம். குருவி."

"எந்தக் குருவி? நல்லா வாசிக்கிற குருவியா?"

"வாசிக்கல மேடம். மனப்பாடம்."

பெரிய டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாதிரி வகுப்புல படிக்கத் தெரியாத பிள்ளைன்னு நம்ம கையாலயே எழுதிக் குடுக்கறதா? யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"அந்தப் பிள்ளைக்கு வேற வழி இல்ல மேடம்."

"அடுத்த அரையாண்டுல பார்ப்போம். கூரைக்கு ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. எல்லாம் கூடி வர்ற நேரத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்துடாதீங்க." வாசல் வரை வந்து, குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பக்கத்தை எழுதினது நீங்க. நான் இல்ல. அதையும் ஞாபகம் வச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை வக்கீல் வந்துவிட்டாள். மேற்பார்வையாளரும் வந்தார். வெள்ளை முடியை இழுத்துக் கட்டியவர், மடியில் ஒரு கோப்பு. பெரிய டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் பலகையில் தலைப்பை எழுதினார், வேறு யாரையோ காட்டப் போனார்.

"அந்தச் சின்னப் பொண்ணு இல்லையா? அன்னிக்கு வாசிச்சாளே," என்றார் மேற்பார்வையாளர்.

வக்கீலின் இரண்டு கைகளும் பெஞ்சுமேல் வந்தன. ஏழு விரல். குருவி எழுந்து, தலையைச் சாய்த்து, ஏழாம் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். பெரிய டீச்சர் முதலில் கைதட்டினார், வகுப்பும் தட்டியது. குருவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வந்தப்போ இவளுக்கு ஒரு எழுத்து தெரியாது மேடம்," என்றார் பெரிய டீச்சர்.

"அப்ப இந்த வகுப்புல உதவிக்கு யாரும் இல்லைன்னு போட்டுக்கட்டுமா?" மேற்பார்வையாளர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "இந்த இடத்தை வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடலாம்."

"போட்டுக்குங்க," என்றார் பெரிய டீச்சர்.

"வேண்டாம்," என்றார் டீச்சர்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "டேய், டீச்சர் பேசிட்டாங்கடா!" நாற்பது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"எங்களுக்கு அந்த இடம் வேணும் மேடம்."

"யாருக்கு?"

குருவி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பவில்லை. "வெளியே வந்து சொல்றேன்," என்றார்.

தாழ்வாரத்தில் மூன்று பேரும் நின்றார்கள். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். தொண்டை கட்டிய வாரம், நோட்டு, பெஞ்சில் ஏறிய பிள்ளைகள், விரல் கணக்கு. சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு சீரானது. பெரிய டீச்சருக்கு வியர்த்தது.

"இவங்களுக்கு உடம்பு சரியில்ல மேடம்," என்றார் பெரிய டீச்சர். "இப்பதான் அந்தப் பொண்ணு உங்க கண்ணு முன்னால வாசிச்சா. வேணும்னா கூப்பிட்டு இன்னொரு தடவை..."

"கூப்பிடாதீங்க," என்றார் டீச்சர். "நாப்பது பேர் முன்னால அவளை நிக்க வச்சுச் சோதிக்க வேண்டாம். மேடம், அவ புத்தகத்தைப் பார்த்தீங்களா?"

மேற்பார்வையாளர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"பார்த்தேன்," என்றார். "ரெண்டு பக்கப் பாடம். அவ பக்கத்தைத் திருப்பவே இல்ல."

"பார்த்த பிறகுமா பேனாவை எடுத்தீங்க?"

"பதினாலு வருஷம் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவ நான். முதல் தடவை வந்தப்பவே தெரியும், என்னமோ சரியில்லைன்னு. ஆனா அதுக்குள்ள எழுதி மேலே அனுப்பிட்டேனே. மேலே இருக்கறவங்க இன்னும் மேலே அனுப்பிட்டாங்க. இனிமே நான் எங்க போய் இல்லைன்னு சொல்றது?" அவர் கோப்பைச் சுவரில் வைத்து, கட்டத்துக்குள் ஒரு பெயரை எழுதினார். "பொண்ணு பேரைச் சேர்த்துட்டேன். ஒரு வாரம் பொறுத்து அங்க போகலாம். நீங்க நோட்டுல எழுதினது பொய்யான்னு நான் கேட்கல. கேட்டா நானும் அதை எழுதணும்."

"அப்ப இந்த வகுப்பு?"

"திங்கட்கிழமை பதினெட்டு பேர் வர்றாங்க. அதை நிறுத்த என்னால முடியாது."

"பதினெட்டு பேருக்கு நாற்காலி எங்க போறது?" என்றார் பெரிய டீச்சர்.

இரண்டு பேரும் மாடிப்படி இறங்கிப் போனார்கள். டீச்சர் திரும்பியபோது ஜன்னல் கம்பியில் வக்கீலின் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகும் முன்பே விஷயம் உள்ளே போயாகிவிட்டது. குருவி பெஞ்சில் தலையைக் கவிழ்த்திருந்தாள். மற்றவர்களை விளையாட்டு சாரோடு மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, டீச்சர் அந்தக் குட்டிப் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குருவி."

"காட்டிக் குடுத்துட்டீங்க."

"ஆமா."

"எல்லாரும் கைதட்டினாங்க. நான் நல்லாத்தானே சொன்னேன்?"

"ரொம்ப நல்லா சொன்னே. எனக்கு ஒம்போது பாடம் அப்படி வராது."

"அப்புறம் ஏன்?"

"நானும் உன்னை மாதிரிதான் கண்ணு. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் அதுலேர்ந்து வெளிய வரத் தெரியல."

குருவி தலையைத் தூக்கினாள். மூக்கு சிவந்திருந்தது. "நீங்களா? யார்கிட்ட எழுதினீங்க?"

"பெரிய டீச்சர்கிட்ட."

"திட்டினாங்களா?"

"இன்னும் இல்ல. சாயந்தரம் திட்டுவாங்க."

குருவிக்கு அது ஓரளவு ஆறுதலாக இருந்ததுபோல் தெரிந்தது. பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வகுப்புல ஒரே இடம்தானா டீச்சர்?"

"ஒண்ணுதான். ஏன்?"

"வக்கீல் எனக்கு மட்டுமா விரல் காட்டுறா?"

டீச்சர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பினார். "எத்தனை பேருக்குக் காட்டுறா?"

குருவி மனசுக்குள் எண்ணினாள். ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள், நடு வரிசையைப் பார்த்தாள், கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். "என்னையும் சேர்த்து ஏழு பேரு."

"யார் யாரு?"

குருவி வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். "சொன்னா நானும் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமே."

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே வண்டி ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளரின் வண்டிதான். ஓடினால் பிடித்துவிடலாம். பிடித்து என்ன கேட்பது? இன்னும் ஆறு இடமா?

"நீ சொல்ல வேண்டாம்," என்றார் டீச்சர். "நாளைக்கு அரைநாள் பள்ளிக்கூடம் இருக்கு இல்ல? நானே ஒவ்வொருத்தர் பக்கத்துலயா உட்கார்ந்து கேட்டுக்கறேன்."

"முதல் பீரியட்லயா?"

"முதல் பீரியட்லதான்."

"பேசியா?"

"பேசித்தான். தொண்டை கட்டுற வரைக்கும்."

குருவி முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு விரல்விட்டு நாளை எண்ணினாள். சனி, ஞாயிறு.

"திங்கட்கிழமை?"

டீச்சர் பலகையைப் பார்த்தார். ஏழாம் பாடத்தின் தலைப்பு இன்னும் அழிக்காமல் இருந்தது.

"அன்னிக்குப் பதினெட்டு பேர் வர்றாங்களே டீச்சர்," என்றாள் குருவி.